ஓரியண்ட் எக்ஸ்பிரஸில் பன்னிரண்டு கத்திக்குத்து

அகதா கிறிஸ்டியின் நாவல்களைப் படிக்காதவர்களுக்குக் கூட இந்தப் பெயர் தெரிந்திருக்கும்: 'மர்டர் ஆன் தி ஓரியண்ட் எக்ஸ்பிரஸ்'. நாவல் வெளிவந்தது 1934இல். அதை வைத்து எடுத்த படங்களில் இன்றும் முதலில் பேசப்படுவது சிட்னி லூமெட் இயக்கத்தில் 1974 நவம்பரில் வந்த படம்தான். லண்டனில் நடந்த முதல் காட்சிக்கு இரண்டாம் எலிசபெத் மகாராணி வந்தார். 84 வயதான கிறிஸ்டியும் வந்திருந்தார். அவர் வெளியில் தலைகாட்டிய பெரிய நிகழ்ச்சிகளில் அதுதான் கடைசி. 1976 ஜனவரியில் அவர் காலமானார்.

அதே 1974இல், இந்தப் படம் திரைக்கு வருவதற்கு ஏறக்குறைய மூன்று மாதம் முன்பு, ஆகஸ்ட் 26 அன்று ஹவாய் தீவில் இன்னொருவர் இறந்துபோனார். பெயர் சார்லஸ் லிண்ட்பெர்க். அட்லாண்டிக் பெருங்கடலை நியூயார்க்கிலிருந்து பாரிஸ் வரை எங்கும் இறங்காமல் தனியாகப் பறந்து கடந்த முதல் மனிதர். கிறிஸ்டியின் நாவலுக்கு விதை போட்டது அவர் வீட்டில் நடந்த ஒரு கொடுமைதான்.

படத்தில் வரும் கொலை ஒரு புதிர். அந்த நிஜமான கொலை புதிர் அல்ல, ஒரு குடும்பத்தின் துக்கம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஜாலியாகப் பார்த்து முடித்த படம் கொஞ்சம் வேறு மாதிரித் தெரிய ஆரம்பிக்கும்.

(ஒரு எச்சரிக்கை: கொலையாளி யார் என்பதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத முடியாது. படம் பார்க்காதவர்கள், நாவல் படிக்காதவர்கள் முதலில் அதை முடித்துவிட்டு வரலாம். கட்டுரை எங்கேயும் ஓடிப்போகாது!)

படத்தின் கதை

படம் ரயிலில் தொடங்குவதில்லை. 1930ஆம் ஆண்டு அமெரிக்காவின் லாங் ஐலண்டில், ஆர்ம்ஸ்ட்ராங் என்ற பணக்காரக் குடும்பத்தின் பெண் குழந்தை டெய்சி கடத்தப்படுகிறாள். இது வசனமே இல்லாமல், பத்திரிகைத் தலைப்புகளாகவும் புகைப்படங்களாகவும் சில நிமிடங்களில் ஓடி முடிகிறது. பணம் கொடுத்தும் குழந்தை பிணமாகத்தான் கிடைக்கிறது.

அப்புறம் ஐந்து ஆண்டுகள் கழித்து, 1935, இஸ்தான்புல். பிரான்சின் கலே துறைமுகம் வரை போகும் ஓரியண்ட் எக்ஸ்பிரஸில் துப்பறிவாளர் ஹெர்க்யூல் பொய்ரோ ஏறுகிறார். ராட்செட் என்ற அமெரிக்கப் பணக்காரர் தன் உயிருக்கு ஆபத்து என்று சொல்லி அவரைப் பாதுகாப்புக்கு அழைக்கிறார். பொய்ரோ மறுத்துவிடுகிறார். யூகோஸ்லாவியாவில் ரயில் பனியில் சிக்கி நின்றுபோகிறது. காலையில் பார்த்தால் ராட்செட் தன் படுக்கையில் செத்துக் கிடக்கிறார். உடம்பில் 12 கத்திக்குத்து. சில ஆழமானவை, சில லேசான கீறல்கள்.

பனியில் காலடித் தடம் எதுவும் இல்லை. ஆகவே கொன்றவர் இன்னும் அந்தப் பெட்டியிலேயே இருக்கிறார். போலீஸ் வரும் முன்பு விசாரித்து முடிக்கும்படி ரயில் கம்பெனியின் இயக்குநரான பியாங்கி தன் நண்பர் பொய்ரோவைக் கேட்டுக்கொள்கிறார். விசாரணையில் முதலில் தெரியவரும் உண்மை: ராட்செட் என்பது பொய்ப் பெயர். டெய்சி ஆர்ம்ஸ்ட்ராங்கைக் கடத்திக் கொன்ற கூட்டத்தின் தலைவன் கசெட்டி இவன்தான்.

கிறிஸ்டி எப்படி ஒத்துக்கொண்டார்?

தன் கதைகளைச் சினிமாவுக்குக் கொடுப்பதில் கிறிஸ்டிக்கு விருப்பமே இருந்ததில்லை. 1960களில் எம்.ஜி.எம். நிறுவனம் மார்கரெட் ரூதர்ஃபோர்டை மிஸ் மார்ப்பிளாக நடிக்க வைத்து எடுத்த படங்கள் அவருக்குப் பிடிக்கவில்லை. பொய்ரோ கதை ஒன்றில் மிஸ் மார்ப்பிளைக் கொண்டுவந்து நுழைத்த கூத்தும் அதில் நடந்தது. அதற்குப் பிறகு யார் வந்து கேட்டாலும் அவர் அசையவில்லை.

அசைய வைத்தவர் தயாரிப்பாளர் ஜான் பிராபோர்ன். இந்தியாவோடு இவருக்கு இரண்டு தொடர்புகள் உண்டு. மும்பையின் பிராபோர்ன் ஸ்டேடியம் இவருடைய அப்பா பெயரில் உள்ளது, அவர் பம்பாய் கவர்னராக இருந்தவர். இவருடைய மாமனார், இந்தியாவின் கடைசி வைஸ்ராய் மவுண்ட்பேட்டன் பிரபு. மவுண்ட்பேட்டனுக்கும் கிறிஸ்டிக்கும் பழைய கடிதப் பழக்கம். 1920களில் ஒரு துப்பறியும் கதைக்கான யோசனையை அவர் கிறிஸ்டிக்கு எழுதி அனுப்பியிருக்கிறார். மாமனார் சொல்லிப் பார்க்க, மருமகன் போய்ப் பேச, உரிமை கிடைத்தது. ரிச்சர்ட் குட்வின் இன்னொரு தயாரிப்பாளர். பணம் போட்டது இ.எம்.ஐ. நிறுவனம்.

இயக்குநர் லூமெட் ஒரு தந்திரம் செய்தார். சந்தேகத்துக்கு உரியவர்கள் ஒரு டஜனுக்கு மேல். ரசிகர்களுக்கு யார் யார் என்று குழம்பிவிடும். அதைத் தவிர்க்க ஒரே வழி, எல்லாருமே தெரிந்த முகங்களாக இருப்பது. முதலில் ஷான் கானரி ஒப்புக்கொண்டார். அதன் பிறகு லாரன் பகால், இங்கிரிட் பெர்க்மன், வனெஸ்ஸா ரெட்கிரேவ், ஜான் கீல்குட், அந்தோணி பெர்கின்ஸ், ஜாக்குலின் பிசெட், மைக்கேல் யார்க் என்று வரிசையாக வந்து சேர்ந்தார்கள். பொய்ரோவாக ஆல்பர்ட் ஃபின்னி. அவருக்கு அப்போது 40 வயது கூட ஆகவில்லை. ஒப்பனையும் தொண்டையை இறுக்கிய குரலும் சேர்ந்து அவரை அடையாளமே தெரியாமல் ஆக்கிவிட்டன.

பெர்க்மனுக்கு முதலில் கொடுக்கப்பட்டது வயதான ரஷ்ய இளவரசி வேடம். அவர் அது வேண்டாம் என்று, சின்ன வேடமான ஸ்வீடன் நாட்டு மிஷனரிப் பெண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அவரை விசாரிக்கும் காட்சியில் கேமரா வெட்டாமல் ஒரே ஷாட்டாக அவர் முகத்திலேயே நிற்கும், கிட்டத்தட்ட ஐந்து நிமிடம்! படத்துக்கு ஆறு ஆஸ்கர் பரிந்துரைகள் வந்தன. கிடைத்த ஒரே ஆஸ்கர் அந்தக் காட்சி நடித்த பெர்க்மனுக்குத்தான்.

படத்தைப் பார்த்த கிறிஸ்டிக்குத் திருப்தி. ஒரே ஒரு குறை, பொய்ரோவின் மீசை தான் எழுதிய அளவுக்கு இல்லை என்பது!

ரயில் நிஜம், பனி நிஜம்

கிறிஸ்டி 1928இல்தான் முதன்முதலாக ஓரியண்ட் எக்ஸ்பிரஸில் ஏறினார். முதல் கணவரோடு விவாகரத்து ஆகி, பாக்தாத் பக்கம் தனியாகப் போய்வரலாம் என்று கிளம்பிய பயணம் அது. அதன் பின் தொல்லியல் ஆய்வாளர் மாக்ஸ் மல்லோவனை மணந்துகொண்டார். கணவரின் அகழாய்வு நடந்த இராக்குக்குப் போவதும் வருவதுமாக இந்த ரயில் அவருக்குப் பழகிப்போனது.

1929ஆம் ஆண்டு குளிர்காலத்தில் இதே ரயில் துருக்கியில் செர்கெஸ்கோய் என்ற இடத்தருகே பனியில் புதைந்து பல நாட்கள் நின்றது. அந்தச் செய்தி உலகம் முழுக்கப் பேசப்பட்டது. 1931 டிசம்பரில் கிறிஸ்டியே பயணம் செய்தபோது மழை வெள்ளம் தண்டவாளத்தை அரித்துக்கொண்டு போக, ரயில் வழியில் நின்று இரண்டு நாள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. அந்த ரயிலில் தன்னோடு மாட்டிக்கொண்ட சக பயணிகளைப் பற்றி அவர் கணவருக்கு விவரமாகக் கடிதம் எழுதினார். கதையின் மேடை தயாராகிவிட்டது. மேடையில் யாரைக் கொல்வது, ஏன் கொல்வது என்பதுதான் பாக்கி. அதற்கான பதில் அடுத்த மூன்றாவது மாதம் அமெரிக்கப் பத்திரிகைகளில் வந்தது.

1932 மார்ச் 1, ஹோப்வெல்

1927 மே மாதம் லிண்ட்பெர்க் முப்பத்து மூன்றரை மணி நேரம் தூங்காமல் விமானம் ஓட்டிப் பாரிஸில் இறங்கியபோது அவருக்கு வயது 25. ஒரே இரவில் உலகப் புகழ். அவர் மணந்துகொண்ட ஆன் மாரோவின் அப்பா டுவைட் மாரோ, ஜே.பி.மார்கன் வங்கியின் பங்குதாரராக இருந்தவர், மெக்சிகோவுக்கான தூதர், செனட்டர். புகழும் பணமும் சேர்ந்த குடும்பம்.

நியூஜெர்சி மாநிலத்தில் ஹோப்வெல் அருகே ஊருக்கு ஒதுக்குப்புறமாக அவர்கள் புதிதாக வீடு கட்டியிருந்தார்கள். வார இறுதிக்கு மட்டும் அங்கே வந்துவிட்டுத் திரும்புவது வழக்கம். அந்த வாரம் குழந்தைக்குச் சளி பிடித்திருந்ததால் செவ்வாய்க்கிழமையும் தங்கிவிட்டார்கள். அன்று இரவு, மாடி அறையில் தூங்கிய 20 மாதக் குழந்தை சார்லஸ் காணாமல் போனான். ஜன்னல் ஓரத்தில் தப்பும் தவறுமான ஆங்கிலத்தில் ஒரு கடிதம், 50,000 டாலர் கேட்டு. வெளியே உடைந்த ஒரு மர ஏணி.

பேரம் ஒரு மாதம் இழுத்தது. நடுவில் இருந்து பேசியவர் ஜான் காண்டன் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியர். ஏப்ரல் 2 இரவு நியூயார்க் பிராங்ஸ் பகுதிக் கல்லறைத் தோட்டம் ஒன்றில் அவர் 50,000 டாலரை ஒருவனிடம் கொடுத்தார். சற்றுத் தள்ளிக் காரில் லிண்ட்பெர்க் உட்கார்ந்திருந்தார். குழந்தை ஒரு படகில் இருக்கிறது என்று எழுதிய சீட்டு கிடைத்தது. அப்படி ஒரு படகே இல்லை. மே 12 அன்று, வீட்டிலிருந்து சில மைல் தூரத்தில், சாலையோரப் புதருக்குள் குழந்தையின் உடல் கிடைத்தது. கடத்தப்பட்ட அன்றே இறந்திருக்க வேண்டும் என்று தெரிந்தது.

நாவலில் டெய்சியின் கதை இதே தடத்தில்தான் போகிறது. புகழ்பெற்ற அப்பா, பணக்காரத் தாய்வழிக் குடும்பம், கடத்தல், பணம் கொடுத்த பின் தெரியவரும் மரணம். தொகையை மட்டும் கிறிஸ்டி 2 லட்சம் டாலராக உயர்த்தினார். கூடுதல் சோகங்களையும் சேர்த்தார். கதையில் டெய்சியின் அம்மா பிரசவத்தில் இறக்கிறாள், அப்பா தன்னைத்தானே சுட்டுக்கொள்கிறார். நிஜத்தில் ஆன் அப்போது கர்ப்பமாகத்தான் இருந்தார், ஆனால் 1932 ஆகஸ்டில் அடுத்த குழந்தை நல்லபடியாகப் பிறந்தது.

வேலைக்காரப் பெண்ணின் கதை

கதையில் இன்னொரு சாவும் உண்டு. குழந்தை கடத்தலில் உதவினாள் என்று ஆர்ம்ஸ்ட்ராங் வீட்டு வேலைக்காரப் பெண்ணைப் போலீஸ் சந்தேகிக்கிறது. அவள் மறுத்தும் யாரும் நம்பவில்லை. அவமானம் தாங்காமல் ஜன்னல் வழியே குதித்துச் செத்துப்போகிறாள். பிறகுதான் அவள் நிரபராதி என்று தெரிகிறது. படம் பார்ப்பவர்கள் பலர் இதைக் கதைக்காகச் சேர்த்த மிகை என்று நினைக்கலாம். இல்லை.

ஆன் லிண்ட்பெர்க்கின் தாய் வீட்டில் வயலட் ஷார்ப் என்ற இளம்பெண் பணிப்பெண்ணாக இருந்தாள். இங்கிலாந்திலிருந்து பிழைக்க வந்தவள். கடத்தல் நடந்த செவ்வாய்க்கிழமை, லிண்ட்பெர்க் குடும்பம் ஹோப்வெல்லிலேயே தங்கப்போகிறது என்ற டெலிபோன் செய்தியை எடுத்துக் கேட்டவள் அவள். ஆக, அவர்கள் வழக்கத்துக்கு மாறாக அங்கே இருப்பது அவளுக்குத் தெரியும். போலீசின் சந்தேகத்துக்கு இது போதுமானதாக இருந்தது.

அன்று மாலை எங்கே போனாய் என்று கேட்டபோது அவள் முன்னுக்குப் பின் முரணாகச் சொன்னாள். முதலில் சினிமாவுக்குப் போனேன் என்றாள். பின்னர், புதிதாக அறிமுகமான ஒருவனோடும் வேறு இரண்டு பேரோடும் நெடுஞ்சாலை ஓர மதுவிடுதி ஒன்றுக்குப் போனதாகச் சொன்னாள். அவள் பயந்தது கடத்தலுக்காக அல்ல. வீட்டு பட்லரை அவள் மணப்பாள் என்று பேச்சு இருந்தது. இது தெரிந்தால் கல்யாணமும் போகும், வேலையும் போகும். 1932இல் அமெரிக்கா பொருளாதார மந்தத்தின் அடிமட்டத்தில் இருந்தது. வேலை போனால் அந்நிய நாட்டில் ஒரு தனிப்பெண் என்ன செய்வாள்?

ஜூன் 10 அன்று மறுபடி விசாரணைக்கு அழைத்துப்போக வருகிறார்கள் என்று தெரிந்ததும் அவள் தற்கொலை செய்துகொண்டாள். அடுத்த சில நாட்களில், அவளோடு அன்று மாலை போனவர்கள் முன்வந்து அவள் சொன்னது உண்மைதான் என்று உறுதி செய்தார்கள்.

கிறிஸ்டி தன் நாவலில் இந்தப் பெண்ணை மறக்கவில்லை. 1974 படமும் மறக்கவில்லை. ரயில் பெட்டியின் நடத்துநர் பியர், இறந்துபோன அந்த வேலைக்காரப் பெண்ணின் அப்பா. பணக்காரக் குழந்தையின் சாவுக்கு மட்டுமல்ல, யாரும் கேட்காமல் போன ஓர் ஏழைப் பெண்ணின் சாவுக்கும் கணக்குத் தீர்க்க ஒருவர் அந்த ரயிலில் இருக்கிறார்.

பன்னிரண்டு பேர்

இப்போது புதிரின் விடை. அந்தப் பெட்டியில் இருந்தவர்கள் எல்லாரும் ஆர்ம்ஸ்ட்ராங் குடும்பத்தோடு ஏதோ ஒரு வகையில் சம்பந்தப்பட்டவர்கள். பாட்டி, சித்தி, ஞானத்தாய், சமையல்காரி, டிரைவர், நண்பர், பணியாள். எல்லாரும் சேர்ந்து திட்டம் போட்டு, ஆளுக்கு ஒரு குத்தாகக் கசெட்டியைக் குத்திக் கொன்றார்கள். யார் குத்து உயிரைப் பறித்தது என்று யாருக்கும் தெரியாது.

ஏன் 12? ஆங்கிலேய, அமெரிக்க சட்ட முறையில் ஜூரி என்றால் 12 பேர். கர்னல் ஆர்பத்னாட் விசாரணையின்போது ஜூரி முறையைப் புகழ்ந்து பேசுவார். அதுதான் பொய்ரோவுக்குக் கிடைக்கும் முக்கியமான துப்பு. நாவலில் கசெட்டியைக் கோர்ட் ஏற்கெனவே விசாரித்துவிட்டது. பணபலத்தாலும் ஒரு சட்ட நுணுக்கத்தாலும் அவன் தப்பித்துவிட்டான். ஜூரி செய்யாததை இந்த 12 பேரும் தாங்களே ஜூரியாகி, தாங்களே தண்டனையையும் நிறைவேற்றுகிறார்கள்.

பொய்ரோ இரண்டு விடைகளைச் சொல்கிறார். ஒன்று, வெளியிலிருந்து ஏறிய யாரோ கொன்றுவிட்டு இறங்கிப் போய்விட்டான். இரண்டாவது, நிஜம். எதைப் போலீசிடம் சொல்வது என்பதை பியாங்கியிடம் விட்டுவிடுகிறார். பியாங்கி முதல் விடையைத் தேர்ந்தெடுக்கிறார். பயணிகள் ஷாம்பெய்ன் கோப்பைகளை ஒருவர் கோப்பையோடு ஒருவர் மோதிக்கொள்வதோடு படம் முடிகிறது. பார்ப்பவர்களுக்கும் நிம்மதி. சாகவேண்டியவன் செத்தான், நல்லவர்கள் தப்பித்தார்கள்.

இந்த நிம்மதிக்கு ஒரு நிபந்தனை உண்டு. ராட்செட்தான் கசெட்டி, கசெட்டிதான் குற்றவாளி என்பதில் துளியும் சந்தேகம் இருக்கக்கூடாது. நாவலாசிரியர் சொல்லிவிட்டதால் நாமும் சந்தேகிப்பதில்லை. நாவல் வெளிவந்த 1934 ஜனவரி 1 அன்று, நிஜ வழக்கில் குற்றவாளி யார் என்று யாருக்குமே தெரியாது. கிறிஸ்டி தன் கற்பனையில் ஒருவனைப் பிடித்துத் தண்டித்துவிட்டார். நிஜ உலகம் பிறகுதான் அந்த வேலையைத் தொடங்கியது.

தங்கச் சான்றிதழ் காட்டிக்கொடுத்தது

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இந்த வழக்கில் மிகச் சுவாரசியமான பகுதி இதுதான்.

கடத்தல்காரனுக்குக் கொடுத்த பணத்தில் பெரும்பகுதியைத் 'தங்கச் சான்றிதழ்' நோட்டுகளாகக் கொடுக்க ஏற்பாடு செய்தவர் எல்மர் ஐரி என்ற வருமானவரித் துறைப் புலனாய்வு அதிகாரி. அல் கபோனை வரி ஏய்ப்பு வழக்கில் உள்ளே தள்ளிய குழுவின் தலைவர். அந்தக் காலத்தில் அமெரிக்கா தங்க நாணய முறையில் இருந்தது. தங்கச் சான்றிதழைக் கொடுத்தால் அதன் மதிப்புக்குத் தங்கம் வாங்கிக்கொள்ளலாம். அதில் மஞ்சள் நிற முத்திரை இருக்கும், சாதாரண நோட்டிலிருந்து பார்த்தவுடன் வேறுபடுத்திவிடலாம். கொடுத்த ஒவ்வொரு நோட்டின் வரிசை எண்ணையும் குறித்து வைத்து, அந்தப் பட்டியலை வங்கிகளுக்கு அனுப்பினார்கள்.

ஒரு வருடம் கழித்து, யாரும் எதிர்பாராத இடத்திலிருந்து உதவி வந்தது. 1933 ஏப்ரல் 5 அன்று ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஓர் உத்தரவு போட்டார். மக்கள் தங்களிடம் உள்ள தங்க நாணயம், தங்கக் கட்டி, தங்கச் சான்றிதழ் எல்லாவற்றையும் மே 1க்குள் வங்கியில் ஒப்படைக்க வேண்டும். இது பொருளாதார நெருக்கடியைச் சமாளிக்க எடுத்த நடவடிக்கை, கடத்தல் வழக்குக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் விளைவு? நேற்று வரை எல்லார் கையிலும் புழங்கிய நோட்டு, இன்று யாராவது நீட்டினால் கடைக்காரர் புருவத்தை உயர்த்தும் நோட்டாகிவிட்டது.

1934 செப்டம்பர் 15 அன்று மன்ஹாட்டன் பெட்ரோல் பங்க் ஒன்றில் ஒருவர் 10 டாலர் தங்கச் சான்றிதழைக் கொடுத்தார். வங்கி இதை வாங்குமோ வாங்காதோ என்ற பயத்தில், பங்க் ஊழியர் அந்தக் காரின் எண்ணை நோட்டின் ஓரத்தில் எழுதி வைத்தார். வங்கி ஊழியர் பட்டியலில் அந்த நோட்டின் வரிசை எண் இருப்பதைக் கண்டுபிடித்தார். நான்கு நாளில் ஆள் சிக்கினான். பெயர் புருனோ ரிச்சர்ட் ஹாப்ட்மன், பிராங்ஸில் வசித்த ஜெர்மன் தச்சர். அவருடைய கார் ஷெட்டில் ஒளித்து வைத்திருந்த பணம் சுமார் 14,000 டாலர், எல்லாம் கடத்தலுக்குக் கொடுத்த நோட்டுகள்.

பொய்ரோவின் சாம்பல்நிற மூளைச் செல்கள் அல்ல, ஒரு நாணயக் கொள்கையும் ஒரு பெட்ரோல் பங்க் ஊழியரின் ஜாக்கிரதையும்தான் நிஜத்தில் துப்புத் துலக்கின.

ஃபிளெமிங்டன்

வழக்கு 1935 ஜனவரி 2 அன்று ஃபிளெமிங்டன் என்ற சிறு ஊரில் தொடங்கியது. ஊருக்குள் கூட்டம் கொள்ளவில்லை. பத்திரிகையாளர்கள், வானொலிக்காரர்கள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள். குழந்தையைக் கடத்தப் பயன்பட்ட ஏணியின் சின்ன பொம்மை வடிவங்களை நினைவுப் பொருளாக விற்றார்கள். எதையும் விற்கலாம் போலிருக்கிறது.

ஹாப்ட்மனுக்கு எதிரான சான்றுகள் வலுவானவை. பணம் அவரிடம் இருந்தது. கையெழுத்து ஒத்துப்போகிறது என்று நிபுணர்கள் சொன்னார்கள். ஏணியின் ஒரு சட்டம் அவர் வீட்டு மாடிப் பலகையிலிருந்து வெட்டப்பட்டது என்று மர நிபுணர் ஆர்தர் கோய்லர் மர ரேகைகளைக் காட்டி நிறுவினார். பணம் தன் நண்பர் இசிடோர் ஃபிஷ் விட்டுப்போனது என்பது ஹாப்ட்மனின் பதில். ஃபிஷ் அதற்குள் ஜெர்மனிக்குத் திரும்பி இறந்துவிட்டிருந்தார்.

பலவீனமான சான்றுகளும் அதே கோர்ட்டில் அதே மரியாதையோடு ஏற்கப்பட்டன. ஹாப்ட்மனை அந்த வீட்டருகே பார்த்ததாகச் சொன்ன ஒருவர் கண்பார்வை மங்கிய 87 வயது முதியவர். மூன்று வருடம் முன்பு இரவில் கல்லறைத் தோட்டத்தில் தூரத்திலிருந்து கேட்ட இரண்டு சொற்களின் குரல் இவருடையதுதான் என்று லிண்ட்பெர்க் சாட்சி சொன்னார். மகனைப் பறிகொடுத்த தேசிய நாயகன் கூண்டில் நின்று சொல்லும்போது எந்த ஜூரி சந்தேகப்படும்?

பிப்ரவரி 13 அன்று 8 ஆண்களும் 4 பெண்களும் கொண்ட ஜூரி, குற்றவாளி என்று தீர்ப்பு சொன்னது. அதே 12 பேர்! நியூஜெர்சி கவர்னர் ஹெரால்ட் ஹாஃப்மனுக்கே திருப்தி வரவில்லை. அவர் தண்டனையை 30 நாள் தள்ளி வைத்தார். ஒப்புக்கொண்டால் உயிர் பிழைக்கலாம் என்ற நிலை வந்தும் ஹாப்ட்மன் கடைசி வரை ஒப்புக்கொள்ளவில்லை. 1936 ஏப்ரல் 3 அன்று மின்சார நாற்காலியில் அவர் உயிர் பிரிந்தது. அவர் மனைவி அன்னா 1994இல் சாகும் வரை, என் கணவர் நிரபராதி என்று வழக்குப் போட்டுக்கொண்டே இருந்தார்.

ஹாப்ட்மனுக்குக் கடத்தலில் பங்கு இருந்தது என்று நம்ப நிறையக் காரணம் இருக்கிறது. தனியாகத்தான் செய்தாரா, வேறு யாராவது உடன் இருந்தார்களா என்ற கேள்விக்கு இன்று வரை பதில் இல்லை. கேட்கவேண்டிய ஒரே ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார்.

லூமெட்டின் இரண்டு ஜூரிகள்

இங்கே சிட்னி லூமெட்டின் முதல் படத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். 1957இல் வந்த '12 ஆங்ரி மென்'. அப்பாவைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட ஓர் ஏழைப் பையன். ஓர் அறைக்குள் 12 ஜூரிகள். முதல் வாக்கெடுப்பில் 11 பேர் குற்றவாளி என்கிறார்கள். ஒரே ஒருவர் மட்டும், எனக்கு நிச்சயமில்லை, பேசிப் பார்க்கலாம் என்கிறார். கண்ணால் பார்த்தேன் என்ற சாட்சிகள் ஒவ்வொன்றாக உதிர்கின்றன. படம் முடியும்போது மற்ற 11 பேரும் மனம் மாறியிருப்பார்கள். அந்தப் படத்தில் ஜூரித் தலைவராக நடித்தவர் மார்ட்டின் பால்சம். 17 வருடம் கழித்து ஓரியண்ட் எக்ஸ்பிரஸில், கொன்றவர்களைத் தப்பவிடும் முடிவை எடுக்கும் பியாங்கியாக நடித்தவரும் அதே மார்ட்டின் பால்சம்தான்!

இரண்டு படத்திலும் வெளியேற முடியாத ஒரு மூடிய இடம், 12 பேர், ஓர் உயிர். ஒன்றில் 12 பேர் சந்தேகத்தின் பலனைக் கொடுத்து ஓர் உயிரைக் காப்பாற்றுகிறார்கள். இன்னொன்றில் 12 பேர் சந்தேகமே இல்லாமல் ஓர் உயிரை எடுக்கிறார்கள். இரண்டுக்கும் கைதட்டுகிறோம். எப்படி முடிகிறது? இரண்டாவது படத்தில் கதாசிரியர் நம் காதில் வந்து உண்மையைச் சொல்லிவிடுகிறார், அதனால்தான். ஃபிளெமிங்டனில் உட்கார்ந்திருந்த 12 பேர் காதில் அப்படி யாரும் சொல்லவில்லை. வயலட் ஷார்ப்பை விசாரித்த போலீஸ்காரர்களுக்கும் சொல்லவில்லை. அவர்களும் தாங்கள் சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறோம் என்று நிச்சயமாக நம்பினார்கள்.

2010இல் டேவிட் சூஷே நடித்த தொலைக்காட்சிப் பதிப்பில் இந்த உறுத்தல் வெளிப்படையாகவே வருகிறது. அதில் பொய்ரோ கோபப்படுகிறார். சட்டத்தை ஆளாளுக்குக் கையில் எடுத்தால் என்ன மிஞ்சும் என்று கொதிக்கிறார், தப்பவிடும்போது கண் கலங்குகிறார். 1974 படம் அவ்வளவு கனமானது இல்லை. ரிச்சர்ட் ராட்னி பென்னட்டின் வால்ட்ஸ் இசையோடு ரயில் கிளம்பும் அழகு ஒன்று போதும், இன்னொரு தடவை பார்க்கலாம். பொழுதுபோக்காகப் பார்ப்பதில் தப்பே இல்லை.

ஆனால் அடுத்த முறை பார்க்கும்போது கடைசிக் காட்சியில் ஷாம்பெய்ன் கோப்பைகளை மட்டும் பார்க்காமல் நடத்துநர் பியரின் முகத்தையும் பாருங்கள். அவர் மகளைக் கொன்றது கசெட்டி மட்டும் அல்ல. இவள்தான் செய்திருப்பாள் என்று சீக்கிரமே முடிவு கட்டிவிட்டவர்களுக்கும் அதில் பங்கு உண்டு. அந்தக் கணக்கை ஓரியண்ட் எக்ஸ்பிரஸில் யாரும் தீர்க்கவில்லை. நிஜத்திலும் வயலட் ஷார்ப்பின் சாவுக்கு யாரும் தண்டிக்கப்படவில்லை.